வாங்காத கடனுக்கு வசூல் போன்: யாரிடம் மறுப்பது, எப்படி மறுப்பது

"சார், உங்க பர்சனல் லோன்ல மூணு இஎம்ஐ பெண்டிங் இருக்கு. இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள கட்டலேன்னா ஆள் வீட்டுக்கு வருவாங்க." கடனே வாங்காதவருக்கு இப்படி ஒரு போன் வருவது சென்னையில் இப்போது அபூர்வம் இல்லை. வந்ததும் பலர் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம்பரை பிளாக் செய்கிறார்கள், மறுநாள் வேறு நம்பரிலிருந்து அதே குரல் கூப்பிடுகிறது. சிலர் தொல்லை விட்டால் போதும் என்று ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிவிடுகிறார்கள். அது இன்னும் மோசம், ஏன் என்பது கீழே வருகிறது.

மறுக்க வேண்டிய இடம் போன் செய்தவர் இல்லை, கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனம். அங்கே முதலில் கேட்க வேண்டியது, "அந்தக் கடன் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது?" என்ற கேள்வி. மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

கூப்பிடுகிறவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது

கடன் கொடுப்பது வங்கி அல்லது என்.பி.எஃப்.சி. எனப்படும் வங்கி சாரா நிதி நிறுவனம். தவணை தவறியதும் அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சியிடம் ஒப்படைப்பார்கள். ஏஜென்சியில் டெலிகாலர் ஒருவர், ஏரியா பார்க்கும் ஃபீல்டு ஆள் ஒருவர். பல மாதம் வசூலாகாத கடன்களை மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு விற்றுவிடுவதும் உண்டு. அதனால்தான் நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயரில் போன் வருகிறது.

டெலிகாலர் கையில் இருப்பது ஒரு பட்டியல். பெயர், போன் எண், முகவரி, கடன் எண், பாக்கித் தொகை, அவ்வளவுதான். கடன் ஒப்பந்தமோ கையெழுத்தோ அவர் கண்ணில் பட்டிருக்காது, பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. வசூலித்தால்தான் அவருக்கு வருமானம் என்னும்போது "இது என் லோன் இல்லைங்க" என்பது தினமும் கேட்கும் சாக்குகளில் ஒன்றாகத்தான் அவர் காதில் விழும். பேசிப் பேசி அவரை நம்ப வைத்துவிட்டாலும் அடுத்த மாதம் அதே பட்டியல் வேறு ஏஜென்சிக்குப் போகும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இணையத்தில் தேடினால் "30 நாளுக்குள் கடன் சரிபார்ப்புக் கடிதம் அனுப்புங்கள், வசூலை நிறுத்தியே ஆகவேண்டும்" என்று நிறைய கிடைக்கும். அது அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டு வசூல் நடைமுறைச் சட்டம், இங்கே செல்லாது. நம் ஊரில் அப்படி ஒரே சட்டமாக எதுவும் கிடையாது. ரிசர்வ் வங்கியின் விதிகள், 2005-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், ஒப்பந்தச் சட்டம், காலவரையறைச் சட்டம், குற்றவியல் சட்டம் என்று சிதறிக் கிடப்பதைச் சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

"என்னுடையது இல்லை" என்பதில் பல வகை

எந்த வகை என்று தெரியாமல் சண்டைக்கு இறங்குவதில் பயனில்லை.

1. பழைய நம்பர். துண்டிக்கப்பட்ட செல்போன் எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். நீங்கள் புதிதாக வாங்கிய சிம், முன்பு கடன் வாங்கிய யாரோ ஒருவருடையதாக இருந்திருக்கலாம். இதில் உங்கள் பான் எண்ணுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

2. பெயர், முகவரிக் குழப்பம். இது நமக்கே உரிய தலைவலி. ஆதாரில் "எஸ். குமார்", பான் அட்டையில் "குமார் சுப்பிரமணியன்", வங்கியில் "குமார் எஸ்" என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். இன்னொரு எஸ். குமாரின் கடன் இவர் கணக்கில் ஒட்டிக்கொள்ள இது போதும். சென்னையில் இதோடு பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவுக்கு இரண்டு நம்பர். வாடகை வீட்டில் உங்களுக்கு முன் குடியிருந்தவரைத் தேடிக்கொண்டு ஃபீல்டு ஆள் உங்கள் வாசலுக்கு வருவதும் இந்த வகைதான். முகவரி ஒன்று என்பதால் கடன் உங்களுடையதாகிவிடாது.

3. அடையாளத் திருட்டு. உங்கள் பான், ஆதார் நகலை வைத்து யாரோ கடன் எடுத்திருக்கிறார்கள். கவனமாகக் கையாள வேண்டிய வகை, கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான்.

4. உறவும் நட்பும். இதில்தான் மக்கள் அதிகம் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் தனியாகச் சொல்கிறேன்.

5. எப்போதோ அடைத்து முடித்த கடன். பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சான்றிதழை நிறுவனத்துக்கு அனுப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

6. கடனே இல்லை, முழு மோசடி. கம்பெனி பெயர் சொல்லமாட்டார்கள், கடன் எண் இருக்காது, ஒரு யூபிஐ ஐடி மட்டும் வரும். இதில் மறுக்க ஒன்றுமில்லை, 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கோ சைபர் குற்றப் புகார் தளத்துக்கோ போக வேண்டியதுதான்.

மச்சான் வாங்கிய கடன், அப்பா விட்டுப்போன கடன்

நண்பர் லோன் எடுக்கும்போது "ரெஃபரன்ஸுக்கு உன் நம்பர் கொடுத்திருக்கேன்" என்றிருப்பார். ரெஃபரன்ஸ் என்பது ஆளை விசாரிக்க ஒரு நம்பர் மட்டுமே, பைசா பொறுப்பு கிடையாது. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். "முதல்ல அவன்கிட்ட கேளுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க" என்பது எடுபடாது. கூட்டு விண்ணப்பதாரர் என்றால் கேட்கவே வேண்டாம். மகளிர் குழுக் கடனில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தால் அதுவும் இதே கணக்கில்தான் வரும், எதில் கையெழுத்திட்டோம் என்று தாளை வாங்கிப் பார்ப்பது அவசியம்.

கணவன் கடன் மனைவியைச் சேராது, மனைவி கடன் கணவனைச் சேராது, கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால் தவிர. கிரெடிட் கார்டில் கூடுதல் அட்டை வாங்கியவர் செலவழித்தாலும் பொறுப்பு முதன்மை அட்டைதாரருக்குத்தான்.

இறந்தவரின் கடன் விஷயத்தில் "அப்பன் கடன் மகன் தலையில்" என்று வசூல் ஆட்கள் தைரியமாகச் சொல்வார்கள். இந்துக் குடும்பங்களில் ஒருகாலத்தில் அப்படி ஒரு கோட்பாடு சட்டத்திலேயே இருந்தது. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் வந்ததற்குப் பிறகு அப்பா வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்துக்காக எந்த நீதிமன்றமும் பொறுப்பாக்க முடியாது. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து கடனைக் கேட்கலாம், உங்கள் கைக்கு வந்த அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் பொறுப்பு. எதுவுமே வரவில்லை என்றால் உங்கள் சம்பளத்தைக் கேட்க வழியில்லை. "நானே பார்த்துக் கட்டுறேன்" என்று புதிதாக ஒரு தாளில் கையெழுத்துப் போடாதவரைக்கும்.

போனில் பேச வேண்டியது இவ்வளவுதான்

"எந்த பேங்க் அல்லது கம்பெனி சார்பா பேசறீங்க? ஏஜென்சி பேர் என்ன? லோன் நம்பர் சொல்லுங்க. உங்களுக்கு இந்தக் கேஸை ஒதுக்கின அங்கீகாரக் கடிதத்தை மெயில்ல அனுப்புங்க. இந்தக் கடனை நான் வாங்கல. எழுத்துல மறுப்பு அனுப்பறேன்."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். பிறந்த தேதி, பான், ஆதார், வேலை செய்யும் இடம், வந்த ஓடிபி எதையும் சொல்லக்கூடாது. "வெரிஃபிகேஷனுக்காக ஆதார் போட்டோ வாட்ஸ்அப்ல போடுங்க" என்றால் போடவே கூடாது, திருடு போன தகவலில் குறையாக இருந்ததை நீங்களே நிரப்பிக் கொடுத்ததாகிவிடும். அழைப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள், தேதி, நேரம், நம்பர் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள்.

கம்பெனி பெயர் கிடைத்ததும் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் அது பதிவு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களோடு இணைந்த லோன் ஆப்களின் பட்டியலையும் 2025 ஜூலையிலிருந்து அங்கேயே பார்க்கலாம். பட்டியலிலேயே இல்லாத கூட்டம் என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் புகார் போடலாம்.

சிபில் அறிக்கையில் என்ன பார்ப்பது

பலர் சிபில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஸ்கோரைவிட உள்ளே இருக்கும் பக்கங்களில்தான் துப்பு இருக்கிறது. யார் வாங்கிய கடன் எப்படிக் கட்டப்படுகிறது என்று பதிவு வைப்பவை கடன் தகவல் நிறுவனங்கள், இந்தியாவில் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஒன்றில் தவறு இருந்து மற்றதில் இல்லாமல் இருக்கலாம், அதனால் நான்கையும் எடுங்கள். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

1. கணக்குப் பகுதியில் கடன் கொடுத்தவர் பெயர், கடன் தொடங்கிய தேதி, தொகை, எத்தனை நாள் பாக்கி என்பதெல்லாம் இருக்கும். அதில் "உரிமை" என்ற வரியைக் கவனியுங்கள். தனிநபர், கூட்டு, ஜாமீன்தாரர் என்று போட்டிருக்கும். "ஜாமீன்தாரர்" என்று இருந்தால் எப்போதோ போட்ட கையெழுத்து ஒன்று ஞாபகத்துக்கு வரலாம்.

2. தொடர்பு விவரத்தில் நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தாத போன் எண்ணோ, போயே இராத ஊரின் முகவரியோ இருந்தால் அது பெரிய தடயம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

3. விசாரணைப் பகுதியில் யார் யார் எந்தத் தேதியில் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்று இருக்கும். ஒரே வாரத்தில் முன்பின் தெரியாத பல கம்பெனிகள் கேட்டிருந்தால் யாரோ உங்கள் பெயரில் வரிசையாக விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னும் சில கடன்கள் வெளிவரக்கூடும்.

வசூல் போன் வந்த கடன் நான்கு அறிக்கையிலும் இல்லை என்றால் அது முதல், இரண்டாவது அல்லது ஆறாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அறிக்கை இணையதளத்திலேயே தகராறு பதிவு செய்யும் வசதி உண்டு, கட்டணம் இல்லை. செய்துவிடுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் சிபில் தானாக எதையும் மாற்றாது. "சரிபார்த்தோம், விவரம் சரியே" என்று நிறுவனம் ஒரு வரி அனுப்பினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் அடுத்த கடிதம் முக்கியம்.

மறுப்புக் கடிதம்

யாருக்கு? நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, நகல் நோடல் அதிகாரிக்கு. இருவரின் மின்னஞ்சலும் நிறுவன இணையதளத்தில் இருக்கும். மின்னஞ்சலோடு தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்த விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட கடன் எண்ணில் என் பெயரில் பாக்கி இருப்பதாக, இன்ன தேதியில் இன்ன எண்ணிலிருந்து உங்கள் சார்பில் பேசியவர் தெரிவித்தார். இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, எதிலும் கையெழுத்திடவில்லை, ஓடிபி தரவில்லை, பணம் பெறவில்லை, யாருக்கும் ஜாமீன் நிற்கவில்லை. இந்தக் கடனை முழுமையாக மறுக்கிறேன்.

கீழ்க்கண்டவற்றின் நகலை அனுப்பவும்:
1. கடன் விண்ணப்பம், ஒப்பந்தம், கையெழுத்து அல்லது மின்-கையெழுத்து விவரம்.
2. கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், அப்போது எடுத்த புகைப்படம் அல்லது வீடியோ.
3. ஓடிபி அனுப்பப்பட்ட போன் எண், தேதி, நேரம், ஐபி முகவரி.
4. கடன் தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் எண், கணக்குதாரர் பெயர், யூடிஆர் எனப்படும் பணப் பரிமாற்ற எண்.
5. இதுவரை தவணை ஏதும் கட்டப்பட்டிருந்தால், கட்டிய கணக்கின் விவரம்.

இந்தப் புகார் முடியும்வரை வசூல் ஏஜென்சியிடமிருந்து இதைத் திரும்பப் பெறவும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்தும் இந்தக் கணக்கை நீக்கவும்."

இதில் உயிர் நாலாவது வரி. டிஜிட்டல் கடன் பற்றி 2022-லிருந்து ரிசர்வ் வங்கி சொல்லிவருவது, சில விதிவிலக்குகள் தவிர, கடன் தொகை நேராகக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும் என்பது. உங்கள் பெயரில் கடன், பணம் போனது முன்பின் தெரியாத ஒருவர் கணக்குக்கு என்றால் நிறுவனத்தின் கேஒய்சி ஓட்டை அங்கேயே பளிச்சென்று தெரிந்துவிடும். உங்கள் பெயரிலேயே நீங்கள் திறக்காத கணக்கு ஒன்று வருவதும் உண்டு, அப்போது அந்த வங்கிக்கும் தனியாக ஒரு புகார் போக வேண்டும். ஐந்தாவது வரியை நிறைய பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். சந்தேகம் வராமல் இருக்க ஒன்றிரண்டு தவணை கட்டியிருந்தால், கட்டிய கணக்கே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

புகார் நிலுவையில் இருக்கும்போது கேஸை ஏஜென்சிக்கு அனுப்பக்கூடாது என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2008-லேயே போட்ட விதி. விளையாட்டுக்குத் திரும்பத் திரும்பப் புகார் கொடுப்பவர் என்று ஆதாரத்தோடு தெரிந்தால் மட்டும் விலக்கு. ஏஜென்சியிடமிருந்து திரும்பப் பெறச் சொல்லும் வரியைக் கடிதத்தில் சேர்ப்பது அதனால்தான்.

"ஒரு ஐந்நூறு கட்டுங்க, ஹோல்டு பண்றேன்"

வசூலில் அடிக்கடி வரும் தூண்டில் இது. கட்டினால் என்ன ஆகும்?

முதலில், நீங்களே கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியம் உண்டாக்கிக் கொடுக்கிறீர்கள். வாங்காத கடனுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் கேட்பார்கள், பதில் சொல்வது சிரமம். அடுத்தது காலக்கெடு. சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. கெடு முடிவதற்குள் கடனாளி ஒரு பகுதியைக் கட்டி அது அவர் கைப்பட எழுத்தில் பதிவானாலோ, எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ மூன்று ஆண்டு புதிதாக ஓட ஆரம்பிக்கும். செத்துப்போகவிருந்த கோரிக்கைக்கு நீங்களே உயிர் கொடுக்கிறீர்கள்.

செட்டில்மென்ட் இன்னொரு வலை. "எண்பதாயிரம் பாக்கி, பதினைந்தாயிரத்துக்கு முடிச்சுக்கலாம்" என்றால் லாபம் போலத் தெரியும். பிறகு அறிக்கையில் அந்தக் கணக்கு "செட்டில்டு" என்று நிற்கும், அதாவது கடன் உங்களுடையது, முழுதாகக் கட்டவில்லை என்று. வீட்டுக்கடனுக்குப் போய் நிற்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே வரும்.

போலீஸில் எப்போது, எங்கே

மூன்றாவது வகை, அதாவது உங்கள் அடையாளத்தைத் திருடிக் கடன் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உடனே புகார் கொடுங்கள். 1930 எண்ணிலும் சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை வைத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். 2022-லிருந்து சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று காவல் ஆணையரகங்கள் இருப்பதால், சென்னை என்று நாம் சொல்லும் பல புறநகர்ப் பகுதிகள் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தின் கீழ் வராது. எது உங்கள் எல்லை என்று பார்த்துவிட்டுப் போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.

நிலையத்தில் முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (ஆள்மாறாட்ட மோசடி), இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 (ஏமாற்றுதல்), 319 (ஆள்மாறாட்டம்) ஆகிய பிரிவுகளைப் புகாரில் குறிப்பிடலாம். "எஃப்.ஐ.ஆர். காப்பி இல்லாமல் உங்கள் மறுப்பை ஏற்க முடியாது" என்று நிறுவனங்கள் இழுத்தடிப்பதுண்டு, அதுவரை காத்திருக்க வேண்டாம். கையில் இருக்கும் சி.எஸ்.ஆர். ரசீதையும் சைபர் ஒப்புகையையும் இணைத்துக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

அதே நாளில் இரண்டு வேலை. ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே "என்னுடையதில்லை" என்று குறிக்கலாம்.

வசூல் ஆள் எதைச் செய்யக்கூடாது

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது, மிரட்டக்கூடாது, குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் பக்கம் போய் அவமானப்படுத்தக்கூடாது, சமூக ஊடகத்தில் அசிங்கமாக எதையும் அனுப்பக்கூடாது. இதை 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதிச் சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி பட்டியல் போட்டே சொன்னது. இது கடன் வாங்கியவருக்கே உள்ள பாதுகாப்பு, வாங்காதவருக்குச் சொல்லவே வேண்டாம். வீட்டுக்கு வருபவர் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கேளுங்கள், கதவுக்கு வெளியே நிற்கவைத்தே கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சி செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு, "அது வெளி ஆள் சார்" என்று கைகழுவ முடியாது.

மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 351-வது பிரிவு இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-ல் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது, மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று.

எந்த நோட்டீஸைப் பொருட்படுத்த வேண்டும்

1. வாட்ஸ்அப்பில் வரும் "அரெஸ்ட் வாரண்ட்". சிங்க முத்திரை, சிவப்பு எழுத்து, கீழே செல்போன் நம்பர். கடன் பாக்கி சிவில் விவகாரம், வாரண்ட் வாட்ஸ்அப்பில் வராது. ஆதாரமாகச் சேமித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

2. வக்கீல் நோட்டீஸ். இது நீதிமன்ற உத்தரவு கிடையாது, ஆனாலும் பதில் போடுங்கள். மறுப்புக் கடிதத்தின் நகலே போதும்.

3. லோக் அதாலத் நோட்டீஸ். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே தீர்வு. போனால் "இது என் கடன் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். சமரசத் தாளில் கையெழுத்திட்டுவிட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

4. ஆர்பிட்ரேஷன் (நடுவர் விசாரணை) நோட்டீஸ். பலர் தூக்கிப் போடுவது இதைத்தான், எனக்குத் தெரிந்து இருப்பதிலேயே ஆபத்தானதும் இதுதான். மின்னஞ்சலில் வரும், பெயர் தெரியாத ஒருவர் நடுவர் என்று இருக்கும், ஏதோ ஸ்பேம் போலத் தோன்றும். பதில் இல்லாமல் போனால் நடுவர் தீர்ப்பு வந்துவிடும், அதை நீதிமன்றத் தீர்ப்பாணை (டிகிரி) போலவே நிறைவேற்றலாம். "உங்களோடு எனக்கு நடுவர் ஒப்பந்தம் எதுவும் கிடையாது, அந்தக் கையெழுத்து என்னுடையதில்லை" என்று உடனே எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்க்கப் பொதுவாக மூன்று மாதம்தான்.

5. நீதிமன்றச் சம்மன். இனி நீங்களே கடிதம் எழுதிப் பார்ப்பது போதாது, வக்கீல் வேண்டும். சுருக்க விசாரணை வழக்கு என்றால் ஆஜராக 10 நாள்தான் அவகாசம். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நீங்கள் இல்லாமலேயே ஒருதலையாகத் தீர்ப்பு. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு.

முப்பது நாள் கழிந்தால்

நிறுவனம் 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் உருப்படியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புகாரை ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். தளத்தில் பதிய வேண்டும், சந்தேகம் கேட்க 14448. கட்டணம் இல்லை, வக்கீல் மூலம் போடக்கூடாது, நீங்களே போடலாம். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான ஆதாரம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனில் ஆறு மாதம் கத்தியிருந்தாலும் கணக்கில் வராது, அந்த ஒரு மின்னஞ்சல்தான் கணக்கு. சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் 2022 செப்டம்பரிலிருந்து இங்கே புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ அதே விஷயம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார், ஆகவே முதலில் இங்கே வருவதுதான் நல்லது என்பது என் கருத்து.

அறிக்கைத் திருத்தத்துக்குத் தனிக் கெடு உண்டு. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. கடன் கொடுத்த நிறுவனம் 21 நாளுக்குள் திருத்தத்தை அனுப்பத் தவறியிருந்தால் தொகையை அது தர வேண்டும், அது அனுப்பியும் கடன் தகவல் நிறுவனம் தாமதித்திருந்தால் அவர்கள். புகாரில் உங்கள் வங்கிக் கணக்கு விவரம் இருக்கட்டும்.

ஜெயித்துவிட்டால் என்ன கடிதம் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம். "கணக்கு முடிக்கப்பட்டது", "நோ டியூ" என்று தந்தால் கடன் உங்களுடையதாக இருந்து முடிந்தது என்று ஆகும். "இந்தக் கடன் இவர் பெற்றதல்ல, நான்கு நிறுவனங்களிலிருந்தும் கணக்கு நீக்கப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். நிறுவனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பத் தகவல் அனுப்புகின்றன, உள்ளே மூலப் பதிவைத் திருத்தாமல் விட்டால் நீக்கியது அடுத்த சுற்றில் திரும்ப ஏறிவிடும். ஆகவே ஓரிரு மாதம் கழித்து இன்னொரு முறை அறிக்கை எடுத்துப் பாருங்கள். கடனை வேறு நிறுவனத்துக்கு ஏற்கெனவே விற்றிருந்தால் வாங்கியவருக்கும் அந்தக் கடிதத்தின் நகல் போக வேண்டும், விற்றவரையே அனுப்பச் சொல்லுங்கள்.